ஒரோசாலியின் மூன்று மணி

ஒரோசாலியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், கிடையாது. ஆனாலும் வேறு யார் எழுதுவார்கள்? பள்ளிக்கூடத்தைச் சூடாக வைக்கிற கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் அவன். மாவட்டப் பத்திரிகையில் கொழுத்த கடா வளர்த்தவனுக்கெல்லாம் படம் போடுகிறார்கள், இவனுக்கு யார் போடப்போகிறார்கள்? நான் புருல். எங்கள் கிர்கிஸ் மலையூரின் மருத்துவ நிலையத்தில் முப்பத்தொரு வருடமாக நர்ஸ். டாக்டர் என்று ஒருவர் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. பிரசவம் பார்ப்பதும் நான்தான், குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறவனைத் திட்டிக்கொண்டே தையல் போடுவதும் நான்தான். புருலுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லிக்கொள்ளட்டும்.

ஒரோசாலிக்கு ஒரே மகள், ஐசிரெக். அவளுக்கு ஒன்பது வயது நடந்தபோது ஒருநாள் காலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு வாரமா இவ வாளி வாளியாத் தண்ணி குடிக்கிறா. ராத்திரி படுக்கையை நனைச்சிடறா. ஆளு பாதியாயிட்டா. யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு இவ அம்மா சொல்றா."

"வாயைத் திறடி கண்ணு," என்றேன். அழுகிய ஆப்பிள் வாசனை குப்பென்று அடித்தது. "கண்ணுமில்ல, காதுமில்ல. போய் வண்டியை எடுடா முதல்ல!" என்று கத்தினேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். உடம்பில் இன்சுலின் சுரப்பது அடியோடு நின்றுவிட்டது, இனி ஆயுள் முழுக்க ஊசிதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் மனைவி கனிஷாய் நல்லவள்தான். ஆனால் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற பிறவி. ஆட்டை அறுக்கும்போது கத்தியைப் பிடித்துக் கொடுக்கிறவள், சொந்த மகள் விரலில் ஒரு பொட்டு ரத்தம் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். அதனால் எல்லாம் ஒரோசாலியின் தலையில் விழுந்தது.

ரத்தச் சர்க்கரை பார்க்கிற எங்கள் கருவியில் ஐந்து, ஆறு என்று காட்டினால் நிம்மதி. நாலுக்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் கடவுளைக் கூப்பிட வேண்டியதுதான். பகலில் பரவாயில்லை. தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்று பிள்ளை தானே சொல்லிவிடும். இரவில் தூங்குகிற பிள்ளை என்ன சொல்லும்? மாலையில் போட்ட ஊசி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், சர்க்கரை படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கும், வெளியே பார்த்தால் பிள்ளை அயர்ந்து தூங்குகிற மாதிரி இருக்கும்.

ஒரோசாலிக்கு ஒரு வசதி இருந்தது. குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு இரவு மூன்று மணிக்கு ஒருமுறை கரி போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும். அவன் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே. கரியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். கையைச் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பான். அடுப்பில் காட்டிச் சூடு பண்ணிக்கொள்வான். பிறகு போர்வைக்குள் கைவிட்டு, "எந்த விரலுடி?" என்பான். அவள் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை நீட்டுவாள். ஒரு பொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஆப்பிள் சாறு. அவள் தூக்கத்திலேயே குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கோடையில் கொதிகலன் அணைந்த பிறகும் அவன் மூன்று மணிக்கு எழுந்துகொண்டுதான் இருந்தான். பதின்மூன்று வருடம் அந்த மனிதன் ஒரு முழு இரவு தூங்கியதில்லை.

எனக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. உருளைக்கிழங்கு தோண்டிய நாளில் இரவு இறங்கும் என்பான். காய்ச்சல் வந்தால் ஏறும் என்பான். ஓடி விளையாடியது இன்றைக்கு, இறங்குவது நாளை இரவு என்று ஒருநாள் சொன்னான். நான் சிரித்தேன். "டாக்டருக்குப் படிச்சவன் மாதிரி பேசாதேடா, கரிக்காரா," என்றேன். அப்புறம் மாவட்ட டாக்டரிடம் கேட்டால் அவன் சொன்னது சரிதான் என்கிறார். அவனிடம் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திமிர்.

அவளுக்குப் பதினான்கு வயதில் ஓர் இரவு கருவி ஒன்று புள்ளி எட்டு காட்டியது. ஆளை உலுக்கினாலும் அசைவில்லை. வாய்க்குள் தேனைத் தடவித் தடவி, மடியில் போட்டு ஆட்டி ஆட்டி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாளாம். விடிந்ததும் என்னிடம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு கெடுதல் வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்த்துக் கொட்டி நெஞ்சு படபடத்துத் தானாக விழிப்பு வந்துவிடும். அவளுக்கு வியர்க்கும், விழிப்பு வராது. யாராவது எழுப்பினால்தான் உண்டு.

இப்படிப்பட்ட பெண் வளர்ந்தாள், அழகாக வளர்ந்தாள், நாரின் நகரத்துத் தையல் கடைக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்தாள், ஒரு கல்யாண வீட்டில் மிர்லானைப் பார்த்தாள். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். குளிர்காலத்தில் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். இருபத்தாறு வயது, வாட்டசாட்டமான ஆள், அதிகம் பேசமாட்டான். பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, விஷயம் காதில் விழுந்ததும் காணாமல் போயிருந்தது. நோய்க்காரப் பெண் என்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் இன்னும் மோசம், பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கனிஷாய் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், மூச்சு விடக்கூடாது என்று.

ஒரோசாலி மட்டும் முரண்டு பிடித்தான். "அவன்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாம். கூடப் படுக்கிறவனுக்குத் தெரிய வேணாமா? ராத்திரி யாரு பாக்கிறது?"

"சொல்லுய்யா, போய்ச் சொல்லு!" என்று கத்தினாள் கனிஷாய். "உன் மக கிழவியாகி உன் கொதிகலன் பக்கத்துல உக்காந்து குளிர்காயட்டும்!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரிய மனுஷி அல்லவா நான். "பொறுடா," என்றேன். "முதல்ல ஒட்டட்டும். விருந்துக்கு வரும்போது நிதானமாச் சொல்லிக்கலாம். அதுக்குள்ள அவன் அவ மேல பைத்தியமாயிருப்பான். அப்புறம் யாரு திருப்பி அனுப்புவா?"

கல்யாணமாகிப் போன பெண்ணை, பிறந்த வீட்டுக்கு முறையாக விருந்துக்கு அழைக்க வேண்டும். அது நடக்கும்வரை அவள் இங்கே காலெடுத்து வைக்கக்கூடாது. பெற்றவர்களும் அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடாது. கல்யாணம் நவம்பரில். விருந்தை மார்ச்சில் நூரூஸ் பண்டிகைக்கு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆக, நாலரை மாதம். நாலரை மாதத்து இரவுகளை எப்படியாவது கடத்திவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டோம்.

ஐசிரெக்கே வழி கண்டுபிடித்தாள். "மூணு மணிக்கு எனக்கு போன் அடிங்கப்பா. சத்தத்தை அணைச்சுத் தலையணைக்குள்ள வச்சுக்கறேன், அதிர்ற அதிர்ச்சியில முழிச்சுக்குவேன். நான் நல்லா இருந்தா ஒரு மிஸ்டு கால் தர்றேன்."

"அலாரம் வச்சுக்கயேன்டி," என்றேன் நான்.

"அலாரம் அஞ்சு நிமிஷம் அடிச்சுட்டு ஓஞ்சுடும் அத்தை. அப்பா ஓயமாட்டாரு." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "மூணு தடவை மணி அடிச்சும் நான் எடுக்கலேன்னா, அவருக்கு அடிங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. வர்றது வரட்டும்."

மூன்று பேரும் அதற்கு ஒத்துக்கொண்டோம். ஒரோசாலியின் சொந்த எண் மிர்லானுக்குத் தெரியும், நள்ளிரவில் அதிலிருந்து அழைப்பு வந்தால் கேள்வி வரும். அதனால் கொதிகலன் அறையில் வைத்துக்கொள்ள ஒரு பழைய போனும் புது எண்ணும் வாங்கினான். தன் போனில் அவள் அந்த எண்ணைப் பெயர் போடாமலே வைத்துக்கொண்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எங்கள் வழக்கப்படி பெண்ணோடு தாயும் தகப்பனும் போவதில்லை, அண்ணி முறை உள்ளவள்தான் போவாள். பெரியப்பா மகனின் மனைவி கைப்பையில் பழச்சாறு பொட்டலங்களைத் திணித்துக்கொண்டு கூடவே போனாள். மூன்று நாள் பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குனிந்து வணக்கம் வைக்க, இவள் திரைக்குள் கை நீட்டி நீட்டிச் சாறு கொடுத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தாள். நாலாம் நாள் அவளும் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து மூன்று மணி போன்தான்.

இன்சுலினுக்கு நான் பொறுப்பு. மாதம் ஒருமுறை மாவட்டச் சந்தையில் சந்திப்போம். கம்பளிக் காலுறைக்குள் சுற்றி, அது உறைந்துவிடாமல் என் மார்போடு அணைத்துக்கொண்டு போவேன்.

டிசம்பரில் பார்த்தபோது கன்னம் சிவந்து குளிரில் பளபளவென்று இருந்தாள். "எப்படிடி இருக்கா உன் மாமியாக்காரி?"

"சூரா அத்தையா? தங்கம். என்னைச் சர்க்கரைத் திருடின்னு கூப்பிடறாங்க. டீ ஊத்தும்போது ஒரு கட்டியை எடுத்து வாயில போட்டுக்கறேன்ல, கண்டுபிடிச்சுட்டாங்க. 'எங்க வீட்டுக்கு ரெண்டு கால் எலி வந்துருக்கு'ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாங்க. ஒருவேளை முழுகாம இருக்கேனோன்னு அவங்களுக்கு வேற ஒரு சந்தோஷம்."

"சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்குதா?"

"மருமக கடைசியிலதானே சாப்பிடணும். எப்போ உக்காருவேன்னு எனக்கே தெரியாது. ஊசி போட்டதுக்கப்புறம் யாராச்சும் விருந்தாளி வந்து நின்னா, அன்னிக்கி என் பாடு திண்டாட்டம்தான்."

"ஊசியைத் தொழுவத்துலதான் வச்சிருக்கியா இன்னும்?"

"ஆமா. மாடு மட்டும்தான் சாட்சி." சிரித்தாள். உடனே முகம் மாறியது. "அத்தை, அவர்கிட்ட பொய் சொல்றது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ரொம்ப நல்லவரு. விருந்து வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? சொல்லிடவா?"

சொல்லிவிடு என்று சொல்லியிருக்கலாம். பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது, அவசரத்தில், "இன்னும் மூணு மாசம்தானேடி, பல்லைக் கடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அந்த மாதமே ஓர் இரவு அவள் போன் அணைந்திருந்தது. ஒரோசாலி பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தான். விடிந்ததும் அவளே அழைத்து, கரண்ட் போய் போனில் சார்ஜ் இல்லாமல் ஆகிவிட்டது என்றாள். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் இது சகஜம். "பாத்தியா, சும்மா என் தூக்கத்தைக் கெடுத்தே," என்று அவனைத் திட்டினேன்.

அடுத்ததை மிர்லான் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஜனவரியில் அவனுக்கு இந்த மூன்று மணிச் சமாசாரம் தெரியவந்துவிட்டது. தலையணைக்குள் ஏதோ அதிர்கிறது, அவள் எழுந்து பார்க்கிறாள், எதையோ அமுக்குகிறாள், படுத்துக்கொள்கிறாள். ஒரு நாளா, இரண்டு நாளா, தினமும். யாரென்று கேட்டானாம். தோழி என்றாளாம். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் போனிலிருந்தே அந்த எண்ணுக்கு அடித்தான். ஆண் குரல், "ஆ, சொல்லு கண்ணு," என்றது. கொதிகலன் இரைச்சலில் அது மாமனார் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டான். வயசுப் பையன், புதுப் பெண்டாட்டி, நடு ராத்திரியில் கூப்பிடுகிற ஓர் ஆண் அவளைக் கண்ணு என்கிறான். யாராக இருந்தாலும் ரத்தம் கொதிக்கத்தானே செய்யும். இரண்டு வாரம் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறான்.

பிப்ரவரி மாதம் எட்டாம் தேதி. ரஷ்யாவில் வேலை செய்கிற மிர்லானின் சித்தப்பா ஊருக்கு வந்தார். நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஐசிரெக் மாலை ஆறு மணிக்கு, சாப்பிடப் போகிறோம் என்ற நினைப்பில் ஊசி போட்டுவிட்டாள். அப்புறம் உட்காரவே முடியவில்லை. தண்ணீர் சுமந்தாள், மாவு பிசைந்தாள், பாத்திரம் கழுவினாள், நள்ளிரவு வரைக்கும் டீ ஊற்றினாள். நின்ற வாக்கில் ஒரு துண்டு ரொட்டி, இரண்டு சர்க்கரைக் கட்டி. கருவி தொழுவத்தில் இருக்கிறது, முற்றம் முழுக்க ஆட்கள், போய்ப் பார்க்க முடியவில்லை. மூன்று மணிக்கு அப்பா எழுப்புவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள்.

படுக்கப் போகும்போது மிர்லான் கையை நீட்டினான். "போனைக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னு சொல்றேன்ல. தெனம் மூணு மணிக்கு எவன் உன்னைக் கூப்பிடறான்?"

"எங்க அப்பா," என்றாள்.

"உங்க அப்பா நம்பர் எங்கிட்ட இருக்குடி! என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"சத்தம் போடாதீங்க, வீடு நிறைய ஆளு இருக்காங்க. காலையில சொல்றேன். சத்தியமா எல்லாத்தையும் சொல்றேன். போனை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க."

அவள் கெஞ்சக் கெஞ்ச அவனுக்குச் சந்தேகம் முற்றியது. போனை அணைத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். நாற்பது பேர் படுத்திருக்கிற வீட்டில், புது மருமகள் வேறு என்ன செய்வாள்? வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டுப் படுத்துவிட்டாள்.

மூன்றே காலுக்கு என் கதவு தட்டப்பட்டது. ஒரோசாலி. முகமெல்லாம் கரி, தொப்பி இல்லை, தலையில் பனி.

"போன் அணைஞ்சிருக்கு அக்கா."

"போன தடவை மாதிரிதான்டா. சார்ஜ் போயிருக்கும்."

"அங்க இன்னிக்கி கரண்ட் இருக்கு. மின்சார ஆபீசுக்கு அடிச்சுக் கேட்டுட்டேன்."

உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். டீ ஊற்றினேன். அவன் தொடவில்லை. மறுபடியும் மறுபடியும் அந்தப் பழைய போனில் அடித்துக்கொண்டே இருந்தான். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் குரல் ரஷ்ய மொழியில் ஒருமுறை, கிர்கிஸ் மொழியில் ஒருமுறை சொல்லிக்கொண்டே இருந்தது.

"வண்டியை எடுக்கறேன்," என்று எழுந்தான்.

"எங்கேடா போவே? கணவாய்ல காத்து எப்படி அடிக்குது பாரு. போய்ச் சேந்தாலும், ராத்திரி நாலு மணிக்கு அழைப்பில்லாம சம்பந்தி வீட்டு வாசல்ல நிப்பியா? எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"அப்போ மிர்லானுக்கு அடிக்கிறேன்." தன் சொந்த போனை எடுத்தான். மிர்லானின் பெயரைத் தேடிப் பிடித்தான். அவன் கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேலே போய் நின்றது. "மூணு தடவை எடுக்கலேன்னா அடிக்கச் சொல்லியிருக்கா அக்கா."

"மணி அடிச்சு எடுக்கலேன்னாதானே? மணியே அடிக்கலையேடா! அது வேற, இது வேற. அங்க விருந்தாளி வந்திருக்காங்கன்னு நீதானே சொன்னே? எவனாவது அவ சார்ஜரைப் பிடுங்கித் தன்னோடதைச் சொருகியிருப்பான். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. இத்தனை நாள் காப்பாத்திட்டு, ஒரு சார்ஜருக்காக அவ வாழ்க்கையைக் கெடுத்துடாதே."

அவன் விரல் இன்னும் அங்கேயேதான் இருந்தது. நான் கையை நீட்டி அந்த போனை அவன் கையிலிருந்து எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவன் தடுக்கவில்லை. பதின்மூன்று வருடமாக நான் சொன்னதைக் கேட்டே பழகியவன். விடியட்டும், ஆறு மணிக்குக் கூப்பிடலாம் என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான்தான் அவன் மனசை மாற்றுகிறேன் பேர்வழி என்று ஆடு, மாடு, பள்ளிக்கூடக் கூரை என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறு மணி ஆவதற்குள் அங்கிருந்தே போன் வந்துவிட்டது. மிர்லானின் சித்தப்பா பேசினார். உடனே வாருங்கள் என்றார். எதற்கென்று சொல்லவில்லை; சாவுச் செய்தியை எங்கள் பக்கத்தில் போனில் சொல்வதில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

கனிஷாயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம், கணவாயில் பனி தள்ளியிருந்தது. மிர்லானின் கூட்டாளிகள் எங்களுக்காக ஆறு மணிக்கே வண்டியை எடுத்து வழி பண்ணியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கு இருநூறு அடி தூரத்திலேயே ஒரோசாலி வண்டியை விட்டு இறங்கி, எங்கள் ஆண்கள் சாவு வீட்டுக்குப் போகிற முறைப்படி ஓலமிட்டுக்கொண்டே ஓடினான். "என் கண்ணே, என் ஒத்தைக் கண்ணே!" முதல்முறையாக அந்த வாசலை மிதித்தது அப்படித்தான்.

அவள் உடலைக் குளிப்பாட்டுகிற பெண்களோடு நானும் இருந்தேன். சூரா அவள் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. வயிற்றில் ஊசித் தடம்.

"என்னது இது?" என்றாள் சூரா. "புருல், நீ நர்சுதானே? என்னது இது?"

சொன்னேன். அதற்கு மேல் எதை மறைக்க? கேட்டு முடித்ததும் சூரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சர்க்கரைத் திருடின்னு சொன்னேனே பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூட்டையோட அவ தலைமாட்டுல வச்சிருப்பேனே! என் அம்மாவும் சர்க்கரை வியாதியிலதான் போனா. எனக்குத் தெரியாததா? நானா அவளைத் திருப்பி அனுப்புவேன்?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கனிஷாய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு தாய்மார்களும் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினார்கள். நான் மட்டும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நூரூஸ் வந்தது. ஊரெல்லாம் கோதுமைக் கஞ்சி காய்ச்சினார்கள். ஒரோசாலி வீட்டில் அன்றைக்கு நாற்பதாம் நாளுக்குக் குர்ஆன் ஓதினார்கள். எல்லோரும் கலைந்த பிறகு மிர்லான் மட்டும் போகவில்லை. இளைத்துத் துரும்பாகியிருந்தான். ஒரோசாலிக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான். கனிஷாய் உள்ளே படுத்திருந்தாள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நடந்ததையெல்லாம், போனைப் பிடுங்கியது, அணைத்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அப்போதுதான் சொன்னான். ஒரோசாலி கேட்டுக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. கடைசியில் மிர்லான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, நான் அன்னிக்கி ராத்திரி தூங்கல. கோவத்துல திரும்பிப் படுத்துக்கிட்டு முழிச்சுதான் இருந்தேன். அவ முனகினா. அழறாளாக்கும்னு நினைச்சேன். அவ கை என் முதுகுல பட்டுச்சு, ஈரமா இருந்துச்சு. தள்ளிவிட்டுட்டேன். அப்புறம் ஒரு மாதிரி குறட்டை விட்டா. அப்புறம் அமைதியாயிட்டா. தூங்கிட்டான்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "என்னோட போன் தலைமாட்டுலதான் இருந்துச்சு, மாமா. சத்தத்தோட. உங்ககிட்ட என் நம்பர் இருந்துச்சே. ஒரே ஒரு தடவை அடிச்சிருந்தா..."

நான் கிண்ணத்தைத் தட்டில் வைத்தேன். ஒரோசாலி என் பக்கம் திரும்பினான். பார்த்தான். சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"அடிக்கத்தான் எடுத்தேன்பா," என்றான். "எனக்குத்தான் தைரியம் வரல. தப்பு என் மேலதான்."

மிர்லான் அவன் மடியில் விழுந்து அழுதான். கரி ஏறிய அந்தக் கையால் ஒரோசாலி அவன் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் யாருக்கும் பயப்படாமல் பேசியவள் நான். கிண்ணத்தில் டீயை ஊற்றி, இரண்டு பேருக்கும் நடுவே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.